பின்பக்கத்து ஸ்பீக்கர்

ராஜபாளையத்தில் குழாய் வாங்க வேண்டுமென்றால் அப்துல் ஹமீது கடைக்குப் போகலாம். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அப்துல் ஹமீது வீட்டுக்குத்தான் போக வேண்டும். இதை ஊரார் சொன்னார்களோ இல்லையோ, ஹமீது சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை, சொல்லிக்கொள்ளும்படி அவரிடம் சரக்கும் இருந்தது. கடைத்தெருவில் அவருக்கு 'டிஸ்க் ஹமீது' என்றே பெயர்.

வீட்டு மாடியில் பதினாறுக்குப் பன்னிரண்டு அறை. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் கனத்த சத்தத்துக்கென்று ஒரு பூஃபர். நாலு சுவரிலும் மரச்சட்டம் அடித்து, மில்லில் கழிவென்று தள்ளுகிற பஞ்சை உள்ளே அடைத்து, மேலே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை இழுத்து ஒட்டியிருந்தார். சத்தத்தை உறிஞ்சுவதற்கென்றே வெளியூரில் பலகைகள் விற்கிறார்கள். நம்ம பக்கம் பஞ்சும் இருக்கு, கட்டுத்துணியும் இருக்கு, எதுக்கு இன்னொருத்தன் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஹமீது தானே செய்துகொண்டது. பெரிய காயத்துக்குக் கட்டுப் போட்டு அதற்குள்ளே நாற்காலி போட்ட மாதிரி இருக்கிறது என்பது அவர் மனைவி ஜுவைரியாவின் அபிப்பிராயம். இருக்கட்டும். ஆனால் அங்கே கை தட்டினால், தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நிற்கும். எதிரொலி என்கிற பேச்சே கிடையாது. வருகிறவர்களுக்கெல்லாம் ஹமீது தட்டித் தட்டிக் காட்டுவார்.

அவர் போடுவதும் சாதாரண சி.டி. அல்ல, எஸ்.ஏ.சி.டி. கையில் எடுத்துப் பார்த்தால் அதே வட்டம், அதே மினுமினுப்புதான். ஆனால் ஒரே தட்டில் இரண்டு அடுக்கு. ஒன்று சாதாரண அடுக்கு. அது எந்தப் பழைய பெட்டியிலும் பாடிவிடும். இன்னொன்று நுட்பமான அடுக்கு. அதைப் படிக்கத் தனி பிளேயர் வேண்டும். பாடுகிறவர் மூச்சு இழுப்பதும், வயலின்காரர் வில்லைத் திருப்புவதும் அந்த அடுக்கில்தான் அப்படியே இருக்கும். அதுவும் அவரவர் உட்கார்ந்த திசையிலிருந்தே வரும். இதைச் சொல்லும்போது ஹமீதின் குரல் தானாகவே தணிந்துவிடும்.

பிளேயர் துபாயில் இருக்கிற மச்சான் கையால் வந்தது. அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரையும் மச்சானிடமே சொல்லி வரவழைத்தார். அது கண்ணாடி இழை வயர். செம்புக்கு அங்கே வேலையில்லை, வெளிச்சத்திலேயே பாட்டுப் போகும். வயரைக் கழற்றி, நுனியில் செக்கச்செவேலென்று மினுங்குகிற ஒளியை வந்தவருக்குக் காட்டிவிட்டுத்தான் ஹமீது முதல் பாட்டைப் போடுவார். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். கீழே ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் நிறுத்திவிடுவார்.

"மாவு புளிச்சுப் போனா உங்க டிஸ்க்கையா தோசக்கல்லுல ஊத்துறது?" என்று ஜுவைரியா கீழேயிருந்து கேட்பாள். அறைக்குள்ளே அது கேட்காது. அவ்வளவு நல்ல அறை.

ஹமீது ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்திவந்தார். நாற்பத்து மூன்று பேர், எல்லாரும் நல்ல சத்தத்துக்கு அலைகிறவர்கள். அதில் ஒருவர் விக்னேஷ்வரன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் வாத்தியார். போன வருஷம் ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். டீ குடித்தார். நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய்க் குழுவில் எழுதினார்: "பாய் வீட்டில் கேட்டேன். அருமையான அறை. ஆனால் சாதாரண சி.டி.க்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏனென்று பார்க்க வேண்டும்."

ஹமீதுக்கு வந்ததே கோபம்! ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, வாத்தியாரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். "காதுல பஞ்ச வச்சுக்கிட்டு வந்தா வித்தியாசம் எப்பிடித் தெரியும்?" என்று ஒரு வரியும் போட்டார். மிச்சமிருந்தவர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள். தூக்கப்படாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இனி தனுஷ்கோடிக்கு வருவோம். ஹமீது கடையில் சாமான் வாங்கி ஊரெல்லாம் வேலை செய்கிற பிளம்பர் அவன். சுவருக்குள் ஓடுகிற குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்பதைச் சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவான். உடைத்துப் பார்த்தால் ஒரு சாண் கூடத் தள்ளியிருக்காது. முகூர்த்த நாள் வந்தால் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, அண்ணன் சிவபாண்டியின் நாயனத்துக்குப் பின்னால் கையில் வெண்கலத் தாளத்தோடு போய் நின்றுவிடுவான். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருக்கிற பேர்பெற்ற வித்வான். தம்பி முப்பது வருஷமாகப் பின்னால் நிற்கிறவன்.

தாளக்காரனை யார் பார்க்கிறார்கள்? கல்யாண வீடியோவில் அவன் முழங்கை வரும், முகம் வராது. அதைப்பற்றி தனுஷ்கோடி கவலைப்பட்டதில்லை. அவனுக்கென்று ஒரு பெருமை இருந்தது. ஹமீது கடையில் குழாய் திரும்புகிற இடத்துக்குப் போடுகிற எல்போ பொறுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னான்:

"எங்கண்ணன் மேடையில திரும்புனாருன்னா தாளம் தப்பிருச்சுன்னு அர்த்தம் பாய். முப்பது வருசத்துல ஒரு தடவ கூட அவரு திரும்புனதில்ல."

கேட்ட ஹமீதுக்கு அது பிடித்துப்போனது. நல்ல சத்தத்தின் அருமை தெரிந்தவன் இன்னொருவனும் ஊரில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒலிப்பதிவுக்காரர்கள் வந்து மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயில் மண்டபத்தில் சிவபாண்டி குழுவைப் பதிவு செய்தார்கள். சுற்றிலும் ஐந்து மைக். நாயனம் நடுவில், தவில் இரண்டு பக்கமும். தனுஷ்கோடி தானாகவே முன்னால் நகர்ந்து நிற்கப் பார்த்தபோது அந்த ஒலிப்பதிவுக்காரர், "நீங்க எப்பவும் நிக்கிற இடத்துலயே நில்லுங்க. பின்னால நின்னாத்தான் அழகு" என்றாராம். எஸ்.ஏ.சி.டி.யாகத்தான் வரப்போகிறது என்றும் சொன்னாராம். தனுஷ்கோடி வேட்டியைக் கூட மாற்றாமல் நேரே ஹமீது கடைக்கு வந்து இதைச் சொன்னான். ஹமீதுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ நாட்டு வாத்தியமெல்லாம் அந்தத் தட்டில் கேட்டவர், பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற மண்டபத்தை இனி அதில் கேட்கப் போகிறார்!

தட்டு வருவதற்கு முன்னால், அன்று வாசித்த சாமி புறப்பாட்டு மல்லாரி ஃபோனில் வந்துவிட்டது. ஃபோனில் நாயனம் கேட்டது, தவில் கேட்டது. தாளம் மட்டும் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி எங்கேயோ சளசளத்துக் காணாமல் போனது. ஒரு வளைகாப்பில் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது, சிவபாண்டியின் மனைவி ஆனந்தவல்லி ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏங் கொழுந்தனாரே, அன்னைக்கு நீங்க மட்டும் லீவா?" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. தனுஷ்கோடியும் சிரித்தான். அவள் மனதில் வஞ்சகம் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிறகு தட்டும் வந்தது. உறைக்குள் இருந்த தாளில் நாயனம் சிவபாண்டி என்று போட்டு, தவில்காரர்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு, கடைசியில் "குழுவினர்" என்று முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் தனுஷ்கோடி கடைக்கு வந்தான். அரை இஞ்ச் எல்போ நாலு கேட்டான். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"பாய், உங்க வீட்டுப் பொட்டியிலயாவது கேக்குமா?"

ஹமீது கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

"ஞாயித்துக்கெழம பகல் மூணு மணிக்கு அண்ணன், மதினி, ஓம் பொண்டாட்டி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. ஓந் தாளம் தனியா, நீ நின்ன எடத்துலருந்து கேக்கும். கேக்கலைன்னா நான் ஹமீது இல்ல."

கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். சிவபாண்டி பட்டு ஜிப்பாவில் வந்தார், கையில் பால்கோவாப் பொட்டலம். ஆனந்தவல்லி கொழுந்தனைச் சீண்டிக்கொண்டே படியேறினாள். தனுஷ்கோடியின் மனைவி மாரிச்செல்வி கோயிலுக்குப் போகிற மாதிரி தலைநிறையப் பூ வைத்திருந்தாள். ஹமீது கை தட்டிக் காட்டினார், வயரைக் கழற்றிச் சிவப்பு ஒளியைக் காட்டினார், கை கழுவினார், தட்டைத் துடைத்தார், விசிறியை நிறுத்தினார். கீழே போய் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டு வந்தார். ஜுவைரியாவும் அன்று மேலே வந்து கதவோரம் நின்றாள்.

மல்லாரி தொடங்கியது.

நாயனம் அறையை நிறைத்தது. சிவபாண்டி தன் வாசிப்பைத் தானே கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் வாசிப்பை அவள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. தவில் நெஞ்சில் இடித்தது. தனுஷ்கோடி நாற்காலியின் நுனிக்கு வந்து, தலையைச் சாய்த்து, எச்சில் விழுங்காமல் கேட்டான். வலது கை விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. இதோ, இந்த இடம். இல்லை. அடுத்த இடம். அங்கேயும் இல்லை. தவிலின் வலப்பக்கத்து அடிக்குப் பின்னால் ஏதோ ஒரு சளசளப்பு. ஃபோனில் கேட்டதைவிடக் கொஞ்சம் பெரிய சளசளப்பு, அவ்வளவுதான்.

மல்லாரி முடிந்தது.

"கேட்டுச்சுங்க... லேசாக் கேட்டுச்சு" என்றாள் மாரிச்செல்வி.

ஆனந்தவல்லி இந்தத் தடவை கேலி செய்யவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, "கொழுந்தனாரே, இந்தாங்க, பால்கோவா எடுத்துக்கோங்க" என்றாள். கேலி செய்திருந்தால் தேவலை. தனுஷ்கோடியின் முகம் செத்துப்போனது.

சிவபாண்டி பெரிய மனுஷர். நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"டிஸ்க்குலயே அம்புட்டுத்தான் எடுத்திருக்காய்ங்க போல. அதுக்குப் பாய் என்ன பண்ணுவாரு?"

ஹமீதுக்கு மூச்சு வந்தது. ஆமாம், தட்டில் இல்லாததை எந்தப் பெட்டி பாடும்? அவர் தலையை ஆட்டத் தொடங்கும்போது தனுஷ்கோடி எழுந்தான்.

"பாய், செத்த திரும்பப் போடுங்க."

போட்டார். தனுஷ்கோடி முன்னால் இருந்த இடது ஸ்பீக்கரில் காதை வைத்தான். அப்புறம் வலது. அப்புறம் நடந்து பின்னால் போய், பின்பக்கத்து ஸ்பீக்கரில் வைத்தான். சுவரில் கசிவு தேடுகிறபோது எப்படி வைப்பானோ அப்படியே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. திரும்பவும் முன்னால் வந்தான். திரும்பவும் பின்னால் போனான்.

"பாய், அஞ்சு குழாயிலயும் ஒரே தண்ணிதான் வருது."

"என்ன சொல்லுத?"

"அண்ணன் எனக்கு முன்னால அங்கன நின்னாரு. நான் இங்கன. எனக்குப் பின்னால ஒரு தூணு, அது மேல புறா. அப்ப இந்தப் பின்னால உள்ள பொட்டியில நானும் புறாவுந்தான வரணும்? அண்ணன் நாயனம் முன்னால எம்புட்டு வருதோ அம்புட்டு இங்கனயும் வருது. ஒரு லைனப் பிரிச்சு எல்லாக் குழாயிலயும் தெறந்து விட்டிருக்கு பாய்."

ஹமீது பிளேயரைப் பார்த்தார். அதன் நெற்றியில் நீலமாக ஒளிர்கிற சிறிய எழுத்துகள். இரண்டு வருஷமாக அதே இரண்டு எழுத்துகள்தான்: சி.டி. தட்டு உள்ளே இருக்கிறது என்பதைத்தான் பெட்டி அப்படிச் சொல்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அடுத்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. பெட்டி வந்திறங்கிய முதல் நாள். கண்ணாடி வயரை மாட்டி, தட்டைப் போட்டால் ஒரு சத்தமும் வரவில்லை. பொறுமை இல்லாமல் ரிமோட்டில் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனார். எதையோ மாற்றியதும் பாட்டு வந்தது. பின்னால் இருக்கிற ஸ்பீக்கர்கள் பாடவில்லையே என்று ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு பொத்தானை அமுக்கினார். ஐந்தும் பாடின. அன்றைக்குக் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு அவர் வீட்டில் பிரியாணி. தான் அன்று அமுக்கியது எது என்பது ஹமீதுக்கு இப்போது பளிச்சென்று விளங்கியது. நுட்பமான அடுக்கைத் தானே மூடிவிட்டு, சாதாரண அடுக்கைத் திறந்து, அதையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்.

வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று எழுதின வாத்தியாரின் வரி கண்முன் வந்து நின்றது.

இது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தனுஷ்கோடிக்குக் குழாய் தெரியும், பெட்டி தெரியாது. வித்வான் ஏற்கெனவே வழி விட்டுவிட்டார். 'ஆமா, டிஸ்க்குலயே அம்புட்டுத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பால்கோவாவைத் தின்றுவிட்டு எல்லாரும் இறங்கிப் போய்விடுவார்கள். டிஸ்க் ஹமீது டிஸ்க் ஹமீதாகவே இருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை.

தனுஷ்கோடி இன்னும் பின்பக்கத்து ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். வால்வைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வருகிறதா என்று காத்து நிற்பானே, அதே நிற்பு. ஹமீதால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"டிஸ்க்குல தப்பில்ல வித்வான்" என்றார். "தப்பு எங்கிட்ட. ரெண்டு வருசமா நான் சாதா சி.டி.யத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஊருக்கும் அதத்தான் போட்டுக் காட்டியிருக்கேன்."

எதிரொலி இல்லாத அறை. சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே நின்றது.

"அப்ப எம் மாவு புளிச்சதெல்லாம்..." என்று ஆரம்பித்த ஜுவைரியா, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஹமீது ஃபோனை எடுத்தார். குழுவிலிருந்து தூக்கினாலும் நம்பரை அழிக்கவில்லை. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். செய்வதென்று முடிவு செய்த பிறகு அதில் என்ன பாதி?

"சார், ராஜபாளையம் ஹமீது பேசுதேன்."

அந்தப் பக்கம் வாத்தியார். "சொல்லுங்க பாய்."

"நீங்க அன்னைக்கு எழுதுனது சரி சார். வித்தியாசம் தெரியலைன்னீங்க. வித்தியாசமே இல்ல. பெட்டியில சி.டி.ன்னுதான் எழுதியிருக்கு."

"எந்த வயர் போட்டிருக்கீங்க?"

"கண்ணாடி வயர்."

"அதான பாத்தேன்! அந்த வயர் வழியா நுட்பமான அடுக்கு போகாது பாய். பெட்டி செஞ்சவனே அந்த வழிய அடச்சுத்தான் வச்சிருக்கான். டி.வி.க்குப் போடுற ஹெச்.டி.எம்.ஐ. வயர் இருந்தாப் போதும்."

அவ்வளவு பெருமையாகக் காட்டிய சிவப்பு ஒளியை ஹமீது ஒரு பார்வை பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்?"

"சொல்ல வாரதுக்குள்ளதான் தூக்கிட்டியளே!"

சிவபாண்டி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஹமீதுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வயரக் கழட்டி வைங்க. இருவது நிமிசத்துல வாரேன்" என்றார் வாத்தியார்.

ஹெச்.டி.எம்.ஐ. வயர் கீழே கூடத்து டி.வி.யில் இருந்தது. ஜுவைரியா யாரும் சொல்லாமலே போய், அதைக் கழற்றி, தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு அவளுடைய சீரியல் இருக்கிறது. "இருக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கிடலாம். இந்த அண்ணன் தாளம் மொதல்ல கேக்கட்டும்" என்றாள். ஃப்ரிட்ஜையும் மறுபடி போட்டுவிட்டு வந்திருந்தாள்.

விக்னேஷ்வரன் பைக்கில் வந்து சேர்ந்தார். மேலே ஏறி வந்தவர் பெட்டியைத் தொடவில்லை. "உங்க பெட்டி, உங்க கையாலயே மாத்துங்க பாய்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹமீதுக்கு அந்த மரியாதை நெஞ்சில் போய்த் தைத்தது. வயரை மாட்டினார். வாத்தியார் சொல்லச் சொல்ல, அன்றைக்கு மூடிய அடுக்கைத் திறந்தார். ஐந்துக்கும் பங்குபோட்ட பொத்தானை அணைத்தார். தட்டை மறுபடி உள்ளே அனுப்பினார். பெட்டியின் நெற்றியில் முதன்முறையாக நீளமாக எழுத்துகள் ஓடின: எஸ்.ஏ.சி.டி.

ஒரு முனை மட்டும் கழன்ற கண்ணாடி வயர் தரையில் கிடந்து தன்பாட்டுக்குச் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததே வேறு மாதிரி இருந்தது. அறை பெரிதாகிவிட்டது. சுவர்கள் தள்ளிப் போய், தலைக்கு மேலே கல் கூரை வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. பின்னால் எங்கோ உயரத்தில் புறா ஒன்று சிறகடித்தது.

"மண்டபம்லா இது!" என்றார் சிவபாண்டி மெதுவாக.

நாயனம் முன்னால் வந்தது, முன்னால் மட்டும். சிவபாண்டி நாயனத்தின் சீவாளியை உதட்டில் வைப்பது கூடக் கேட்டது. தவில்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்றன. அப்புறம் முதுகுக்குப் பின்னால், ஆள் உயரத்தில், தாளம்.

சளசளப்பு இல்லை. ஒவ்வொரு தட்டலும் ஒரு வெண்கலத் துளி. சேர்கிற சத்தம் வேறு, பிரிகிற சத்தம் வேறு. பிரிந்த பிறகு மெலிந்து மெலிந்து தூண்களுக்கிடையே போகிற ரீங்காரம் வேறு. நாயனம் எங்கெங்கோ பறந்து சுற்றிவிட்டு, அந்தத் தட்டலில் வந்துதான் கால் ஊன்றியது. தவில்கள் கொட்டி முழக்கியபோதும் அது ஒரு மயிரிழை முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. மாரிச்செல்வி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனின் வேட்டியை மடித்து எடுத்துவைத்தது தவிர அவன் வாசிப்பில் தனக்கென்று எதையும் அவள் அதுவரை கண்டதில்லை. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹமீது தனுஷ்கோடியைப் பார்த்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, பின்னால் நிற்கிற தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். முழங்காலில் விரல்கள் தட்டுவது நின்றிருந்தது.

மல்லாரி வேகம் பிடித்த இடத்தில் சிவபாண்டி கண்ணைத் திறந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்னால் பார்த்தார்.

தனுஷ்கோடிக்குத் தூக்கிவாரிப் போட்டது, எழுந்துவிட்டான். கை இரண்டும் நெஞ்சுக்கு நேராக, தாளம் பிடித்த மாதிரியே வந்து நின்றன.

"என்னண்ணே... தப்பிருச்சா?"

"இல்லலே." சிவபாண்டி பின்பக்கத்து ஸ்பீக்கரைக் கையால் காட்டினார். "முப்பது வருசமா எனக்குப் பின்னால என்ன நடக்குன்னு இன்னைக்குத்தாம்லே கேக்கேன். அதான் திரும்பிட்டேன்."

அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். தன் நாயனத்துக்கு முதுகைக் காட்டி, பின்பக்கத்து ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆனந்தவல்லியும் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பினாள். "கொழுந்தனாரே, அன்னைக்கு நீங்க லீவே போடல" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அந்தக் குனிந்த தலைக்குக் கீழே நெஞ்சு விம்மி நிற்பதை ஹமீது பார்த்தார்.

ஹமீதுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ பேரை உட்காரவைத்து அந்த அறையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறார். இன்றைக்கு அறையும் பெட்டியும் தாமாகப் பேசின. அவர் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றியாயிற்று, அவர் ஹமீதுதான். மல்லாரி முடியும் முன்பே ஃபோனை எடுத்து விக்னேஷ்வரனைக் குழுவில் சேர்த்தார். நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் இரவுக்குள் எழுதிவிடுவது, கண்ணாடி வயரைப் பற்றியும் எழுதிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

"பாய்," சிவபாண்டி பின்பக்கம் பார்த்தபடியே கையை உயர்த்தினார், "இன்னொரு தடவ போடுங்க."

ஹமீது தட்டை எடுத்தார். பழக்கதோஷம், கை கழுவக் கீழே போனார். அங்கே ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது உறுமிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மேலே ஒருவர் காதிலும் விழவில்லை.